கப்பல் போகட்டும்

வடக்கே போகும் கப்பல் வார்டோவைத் தொடும்போது விடியற்காலை மூன்று மணி தாண்டியிருக்கும். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும், ஏறி இறங்க வந்த உள்ளூர்க்காரர் ஓரிருவரும் தவிர யாரும் விழித்திருக்க மாட்டார்கள். கேபினில் போர்த்திப் படுத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்கு ஓர் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் அதே கப்பல் அன்று பிற்பகலில் மறுபடி இங்கே வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். அப்போது ஒரு கூட்டம் இறங்கும். கோட்டைவரை விறுவிறுவென்று நடக்கும், மதில்மேல் ஏறிப் படம் எடுக்கும், சங்கு ஊதுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடும். நார்வேயின் கிழக்குக் கோடி நகரத்தைப் பார்த்தாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

நார்வேயின் வட கோடியான ஃபின்மார்க் மாவட்டத்துக் கடலோர ஊர்களை உலகம் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறது. ஹம்மர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக், மேஹாம்ன், பெர்லெவோக், போட்ஸ்ஃபியோர்ட், வார்டோ, வாட்சோ என்று கப்பலின் கால அட்டவணையில் வரிசையாக வந்துபோகும் பெயர்கள். சில துறைகளில் நிற்பது கால் மணி நேரம்தான். ஆனால் இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன: இங்கே யார் தங்குவார்கள்? அந்தக் கேள்வியின் கனம் கப்பல் மேல்தளத்தில் நிற்பவருக்குப் புரியாது. இறங்கி, அறை எடுத்து, இரண்டு மூன்று நாள் காற்றில் அடிபட்டால்தான் புரியும்.

கப்பலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் இந்தக் கரையே இல்லை. ஒரு காலத்தில் ட்ரோன்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குப் போடும் கடிதம் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். பாறையும் திட்டும் நிறைந்த அந்தக் கடலில் இருட்டில் கப்பல் ஓட்ட முடியாது என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது, ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் முடியும் என்றார். 1893 ஜூலை 2 அன்று அவருடைய ‘வெஸ்டரோலன்’ ட்ரோன்ட்ஹெய்மிலிருந்து கிளம்பியது. அதுதான் ஹுர்டிக்ரூட்டன் எனப்படும் கடலோரக் கப்பல் தடத்தின் தொடக்கம். இன்று பெர்கனிலிருந்து கிர்கெனெஸ்வரை 34 துறைகள். 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் பங்கு போட்டு ஓட்டுகின்றன. மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டியும் பல வகை விருந்தும் வந்துவிட்டன. கீழே சரக்குக் கதவு திறந்து அட்டைப்பெட்டியும் மீன் பெட்டியும் ஏறி இறங்குவது மட்டும் மாறவில்லை. பக்கத்து ஊரில் வேலையிருக்கும் உள்ளூர்க்காரர் இன்னும் இதில்தான் ஏறி, கேபின் எடுக்காமல் ஒரு நாற்காலியில் சாய்ந்து போகிறார். பயணிகளும் அப்படித் துறைக்குத் துறை சீட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

பகல் பதினொரு மணிக்கு உச்சி வெயில்

ஃபின்மார்க்கின் பரப்பு சுமார் 48,600 சதுர கிலோமீட்டர். டென்மார்க்கைவிடப் பெரியது. மக்கள் தொகையோ 75,000 சுற்றி. சென்னையின் ஒரு பேட்டையில் அடங்கிவிடும் ஜனம். கடலோரமெங்கும் மரமற்ற பாறை மேடு, குடியிருப்பில் பெரும்பகுதியும் அங்கேதான். ஆர்க்டிக் வட்டத்துக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருந்தும் இந்தத் துறைமுகங்கள் உறைவதில்லை. அட்லான்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் கடைசி மூச்சு இங்கேவரை எட்டுகிறது. அதனால் ஜனவரியிலும் வார்டோவின் சராசரி வெப்பநிலை மைனஸ் ஐந்தைச் சுற்றியே இருக்கும். இதே அட்சரேகையில் சைபீரியாவில் மைனஸ் முப்பது சாதாரணம். ஆனால் வார்டோவில் குளிரை அளக்கத் தெர்மாமீட்டர் போதாது. காற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மைனஸ் ஐந்தில் அடிக்கும் புயல் காற்று மைனஸ் இருபதின் அமைதியைவிடக் கொடியது என்பது முதல் நாளே விளங்கிவிடும்.

கிழக்குக் கோடி என்றேன். எவ்வளவு கிழக்கு என்றால், வார்டோ 31 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. இஸ்தான்புல்லையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும்விடக் கிழக்கே. கடிகாரத்திலோ ஓஸ்லோவின் நேரம், பாரிஸின் நேரம். அதனால் குளிர்கால நேரக் கணக்கில் பகல் பதினொரு மணிக்கே இங்கே உச்சிப்பொழுது வந்துவிடுகிறது. அந்த உச்சியும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. நவம்பர் 23 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 19 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். முழு வட்டமும் அடிவானத்துக்கு மேல் வந்ததும் வார்டோஹூஸ் கோட்டையில் பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. நாம் மழைக்கு விடுமுறை கேட்போம். இங்கே சூரியனுக்கு விடுகிறார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு மாதமும் கும்மிருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனிமீது நீல வெளிச்சம் படிந்திருக்கும். அதைப் பார்க்கவென்றே டிசம்பரில் வருகிறவர்கள் உண்டு. என் கட்சி வேறு. மார்ச்தான் நல்ல மாதம் என்பேன். காரணம் பின்னால்.

வார்டோ ஒரு தீவு. 1982-இல் கடலுக்கடியில் 2.9 கிலோமீட்டர் சுரங்கச் சாலை போட்டு நிலத்தோடு இணைத்தார்கள். நார்வேயில் கடலடிச் சாலைச் சுரங்கம் என்று வந்தது இதுதான் முதலாவது. கடல் மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே இறங்கி ஏறும் அந்தச் சுரங்கம், ஐரோப்பாவின் ஈ75 நெடுஞ்சாலையின் வடமுனை. மறுமுனை கிரேக்கத்தின் கிரீட் தீவில். சாலை எங்கே போகிறது என்று கேட்டால் மத்தியதரைக் கடலுக்கு என்று பதில் சொல்லக்கூடிய ஊர் இது. ஆனால் இன்று ஊரில் இருப்பவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். 1960-களில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். நடுத்தெருவிலேயே சாத்திக் கிடக்கும் கடைகளும் சாயம் உதிர்ந்த மரக் கிடங்குகளும் மிச்சக் கணக்கைச் சொல்லும். 2012-இல் பல நாட்டு ஓவியர்கள் வந்து இந்தக் காலிச் சுவர்களில் வரைந்துவிட்டுப் போனார்கள். உப்புக் காற்றில் அந்தச் சித்திரங்களும் உதிர்கின்றன. உதிர்வதும் அழகாகத்தான் இருக்கிறது என்றால் உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். சாயம் அடிக்கும் செலவு அவர்களுடையது.

தொண்ணூற்றொரு விளக்குகள்

ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடக் கூடாத இடம் ஒன்று வார்டோவில் இருக்கிறது. ஊரின் ஓரத்தில், கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி ஸ்டைல்னெசெட் நினைவிடம்.

1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். திடீரெனக் கிளம்பிய புயலில் வார்டோவையும் பக்கத்துக் கிபெர்க்கையும் சேர்ந்த பத்துப் படகுகள் மூழ்கின. நாற்பது ஆண்கள் ஒரே நாளில் போனார்கள். சில ஆண்டுகளில் பழி பெண்கள் தலையில் விழுந்தது. காற்றைக் கட்டி முடிச்சுப்போட்டு அவிழ்த்தார்கள், டோமன் மலையில் சாத்தானோடு கூடினார்கள் என்று குற்றச்சாட்டு. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஃபின்மார்க்கில் 91 பேர் சூனியக்காரர்கள் என்று கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் எரித்து. 77 பெண்கள், 14 ஆண்கள். ஆண்களில் பலர் சாமி பழங்குடியினர். இவ்வளவு குறைவான மக்கள் வாழ்ந்த நிலத்தில் இத்தனை பேர் என்பது ஐரோப்பாவின் சூனிய வேட்டை வரலாற்றிலேயே மிகக் கொடூரமான விகிதங்களில் ஒன்று.

2011-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தைச் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும், சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் உருவாக்கினார்கள். மீன் காயவைக்கும் மரப் பரணை நினைவூட்டும் சட்டகத்துக்குள் 125 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய துணிக் கூடம். உள்ளே குறுகிய இருட்டு நடை. 91 சிறு சாளரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பல்பு. பக்கத்தில் அந்த மனிதர்மேல் சாட்டப்பட்ட குற்றமும் கிடைத்த தண்டனையும், நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து. காற்று வலுத்தால் கூடமே அசைகிறது. பக்கத்துக் கட்டடத்தில் பூர்ஷ்வாவின் கடைசிப் படைப்புகளில் ஒன்று: அணையாமல் எரியும் ஓர் இரும்பு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடிகள். கட்டணம் இல்லை. 91 பேரையும் நின்று படித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலின் ஒரு மணி நேரத்தில் துறைமுகத்திலிருந்து நடந்துவந்து திரும்பும் நேரத்தைக் கழித்தால் ஓர் ஆளுக்கு அரை நிமிடம்கூடத் தேறாது.

இப்போது மார்ச்சுக்கு வருகிறேன். குளிர்காலக் கடைசியில் கேப்லின் என்ற விரல் நீள மீன் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இந்தக் கரைக்குத் திரளும். அதை விரட்டிக்கொண்டு காட் மீன் வரும். காட் மீனைத் தேடிப் படகுகள் வரும். கேப்லினைத் தேடிப் பறவைகளும். வார்டோ துறைமுகத்திலிருந்து பத்து நிமிடப் படகுத் தூரத்தில் ஹோர்னோயா என்ற சிறு தீவின் பாறைச் சரிவு முழுக்க கில்லிமாட், பஃபின், கிட்டிவேக் என்று பல்லாயிரக்கணக்கில் இடம் பிடிக்கும். சத்தமும் நாற்றமும் படகு ஒதுங்கும் முன்பே வரவேற்கும். தொப்பி அவசியம், குளிருக்காக மட்டுமல்ல. இந்தப் பறவைகளை நம்பி வார்டோவில் ‘பயோடோப்’ என்ற கட்டட வடிவமைப்பு அலுவலகமே பிறந்தது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, பறவையை முகத்துக்கு நேரே பார்க்கும்படி மரத்தடுப்புகள் கட்டினார்கள். வராங்கர் ஃபியோர்டின் கரையெங்கும் இன்று அவை நிற்கின்றன. மார்ச்சில் சாலையில் பனியும் வானில் வெளிச்சமும் கடலில் மீனும் பாறையில் பறவையும் ஒருசேரக் கிடைக்கும். இரவில் வானம் தெளிந்தால் வடதுருவ ஒளியும் உண்டு. அதை மட்டும் தேடி வருகிறவர்களுக்கு ட்ரோம்ஸோ போதும். அங்கே விடுதிகள் அதிகம்.

2023 கோடையில் பறவைக் காய்ச்சல் இந்தக் கரையைத் தாக்கியது. வாட்சோவில் கிட்டிவேக்குகள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. நகராட்சி ஆட்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு கரையோரமாகப் பொறுக்கி எடுத்தார்கள். பறவைச் சுற்றுலாவை நம்பும் ஊருக்கு இது மீன் வராத வருடம் போன்றது.

சுட்டெரித்த கரை

இந்தக் கரையின் ஊர்களெல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சாய்கூரை, சதுரச் சாளரம், சிவப்போ மஞ்சளோ வெள்ளையோ பூசிய எளிய மரவீடு. பழமையைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம். காரணம் 1944. சோவியத் படை கிழக்கிலிருந்து முன்னேற, பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் ஃபின்மார்க்கையும் வட ட்ரோம்ஸையும் கொளுத்திக்கொண்டே போனது. வீடு, கொட்டகை, படகுத்துறை, தந்திக் கம்பம் எதையும் விடவில்லை. சுமார் 50,000 பேரைத் தெற்கே விரட்டினார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் புல்தரைக் குடிசைகளிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் தேவாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. ஹம்மர்ஃபெஸ்டில் கல்லறைத் தோட்டத்துச் சிறு ஆலயம் மட்டும்.

அத்தனையும் சாம்பலான பிறகு ஓஸ்லோவில் சிலர் யோசித்தார்கள்: அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த ஊர்களை அதே இடத்தில் கட்டுவானேன், ஒரு சில பெரிய மையங்களாகச் சேர்த்துவிடலாமே? காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் மக்கள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தடை இருந்தும் படகேறித் தங்கள் பாறைக்கே திரும்பினார்கள்; கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியிலும் தகரக் கொட்டகையிலும் குடியிருந்தார்கள். அரசு பின்னாலேயே மரச்சட்டங்களோடு வர வேண்டியதாயிற்று. இப்போது நாம் பார்க்கும் ஒரே அச்சு வீடுகள் அப்படி அவசரமாக எழுந்தவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சலிப்பூட்டும் தெருக்கள் சலிப்பூட்டுவதில்லை. ஹம்மர்ஃபெஸ்டில் இதற்கென்றே ஒரு மறுகட்டுமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதே ஊரின் துருவக் கரடிச் சங்கத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கும் பயணிகள் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம்.

தீயிலிருந்து தப்பிய ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வார்டோவிலிருந்து 40 கிலோமீட்டரில் ஹம்னிங்பெர்க் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் அப்படியே நிற்கின்றன, ஆனால் குளிர்காலத்தில் ஆள் இல்லை. போரில் பிழைத்த ஊரை 1960-களில் நல்ல துறைமுகம் இல்லாத குறை காலி செய்தது. கோடையில் பழைய குடும்பங்கள் வந்து வீட்டைத் திறந்து சாயம் அடிப்பார்கள். குளிர்காலத்தில் அங்கே போகும் சாலையையே மூடிவிடுவார்கள்.

இன்னொன்று புகோய்னெஸ். வராங்கர் ஃபியோர்டின் தென்கரையில் சுமார் 200 பேர் வாழும் மீனவக் குடியிருப்பு. ஃபின்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1980-களின் கடைசியில் காட் மீன் சரிந்தது, மீன் பதப்படுத்தும் ஆலை மூடியது. 1989-இல் ஊரார் கூடி ஒரு காரியம் செய்தார்கள். ‘டாக்பிளாடெட்’ நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள்: மொத்த ஊரும் ஒன்றாகக் குடிபெயரத் தயார், எந்த வட்டாரம் எங்களை ஏற்றுக்கொள்ளும்? வீட்டை விற்கும் விளம்பரம் பார்த்திருக்கிறோம். ஊரே தன்னை எடுத்துக்கொள்ளச் சொல்லி விளம்பரம் கொடுத்தது நாட்டையே உலுக்கியது.

ஊர் போகவில்லை. காப்பாற்றியது ஒரு நண்டு. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக் கடலின் கம்சட்கா நண்டைக் கொண்டுவந்து மூர்மான்ஸ்க் அருகே கடலில் விட்டார்கள். அது பெருகி, மெல்ல நடந்து, நார்வே எல்லையைத் தாண்டியது. கால் விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் வரும் ராட்சதப் பிராணி. முதலில் மீனவர்களுக்கு அது சனியன். வலையில் சிக்கிக் கிழித்தது, மீனைத் தின்றது. 2002-இல் வணிக முறையில் பிடிக்க அனுமதித்த பிறகு சனியன் மகாலட்சுமி ஆனது. இன்று புகோய்னெஸ் நண்டு உயிரோடு விமானம் ஏறி சியோல் உணவகங்களுக்குப் போகிறது. வருகிற பயணியைப் படகில் ஏற்றிக் கூண்டு தூக்கிக் காட்டி, அங்கேயே வேகவைத்தும் தருகிறார்கள். வேடிக்கை இதுதான்: நார்வே கொள்கைப்படி அது அந்நியப் பிராணி. வடமுனை எனப்படும் கடலோரப் பாறைக்கு மேற்கே பரவாமல் தடுக்கக் கட்டுப்பாடின்றிப் பிடிக்கச் சொல்கிறார்கள். கிழக்கே அதையே வருமானமாகக் கருதி ஒதுக்கீடு வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஒரே நண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிரி, இந்தப் பக்கம் படியளக்கும் தெய்வம்.

மீன் ஆலையில் யாழ்ப்பாணத்தார்

யார் தங்குவார்கள் என்ற கேள்விக்கு 1980-களில் வந்த ஒரு பதில் தமிழ் பேசியது.

நார்வேக்கு வந்த முதல் ஈழத்தமிழராகச் சொல்லப்படுபவர் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம், 1956-இல் வந்தார். மீன்பிடித் தொழில் கற்று, நார்வே நண்பர்களின் நிதியோடு யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வலையும் படகும் செய்து அது பெயர் பெற்றது. இரண்டு மீனவக் கரைகளுக்கு நடுவே போட்ட அந்தப் பாலத்தில் பிறகு வேறொரு கூட்டம் நடந்து வரவேண்டியதாயிற்று. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு இளைஞர்கள் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளில் மாணவர்களாகச் சேர்ந்தும், அகதிகளாகத் தஞ்சம் கேட்டும் வந்தார்கள். ஓஸ்லோவில் வேலை இல்லை. வடக்கே ஃபின்மார்க் கடலோரத்தில் மீன் ஆலைகளுக்கு ஆள் இல்லை. உள்ளூர் இளைஞர்கள் படிக்கவும் பிழைக்கவும் தெற்கே போய்க்கொண்டிருந்த நேரம் அது. தெற்கிலிருந்து எதிர்த்திசையில் வந்து இறங்கினார்கள் தமிழர்கள்.

வேலை என்னவென்றால், நகரும் பட்டைக்கு முன்னால் நின்று, குளிர்ந்த காட் மீனின் முள் எடுத்து, சீவி, எடைபோட்டு அடுக்குவது. படகு எப்போது கரை சேர்கிறதோ அதைப் பொறுத்தே வேலை நேரம். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்களும், ஊரில் கை நனையாத உத்தியோகத்தை எதிர்பார்த்து வளர்ந்தவர்களும் அந்தப் பட்டைக்கு முன்னால் நின்றார்கள். யாழ்ப்பாணத்துச் சாதிக் கணக்கில் மீன் தொடுவது எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த ஆலைத் தளத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த எத்தனையோ எண்ணங்கள் உருண்டிருக்கும் என்பது புரியும். சம்பளம் நல்லது, அதில் சகோதரிகளுக்குக் கல்யாணமும், தம்பிமாருக்கு விமானச் சீட்டும், வீட்டுக்கு மாதப் பணமும் நடந்தன. ஆயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் வெளியாள் வந்து ஒரு மாதத்தில் எல்லாருக்கும் முகம் தெரிந்துவிடும். தெற்கே நகரங்களில் கிடைக்காத அறிமுகம் அது. ஆலையில் பக்கத்தில் நின்று மீன் சீவுகிறவர்தான் பக்கத்து வீட்டுக்காரரும்.

பிள்ளைகள் வளர்ந்ததும் பெரும்பாலோர் ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நகர்ந்துவிட்டார்கள். கோயிலும் கடையும் உறவும் அங்கே. ஃபின்மார்க்கின் நார்வே இளைஞர்கள் எந்தக் காரணங்களுக்காகப் போனார்களோ, ஏறத்தாழ அதே காரணங்கள்தான். மூன்று வயதில் பெற்றோருடன் வந்து ஹம்மர்ஃபெஸ்டில் நார்வே வாழ்க்கையைத் தொடங்கிய கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஓஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021-இல் நாடாளுமன்றம் சென்றார். இன்று ஆலைப் பட்டைகளில் லித்துவேனியர்களும் போலந்துக்காரர்களும் நிற்கிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1990 முதல் ஃபின்மார்க்கிலும் வட ட்ரோம்ஸிலும் வாழ்பவருக்கு வருமான வரி குறைவு. அங்கே வேலை பார்த்தால் கல்விக் கடனில் ஆண்டுக்குப் பத்து சதவீதம், ஒரு வரம்புக்கு உட்பட்டு, தள்ளுபடி. அங்கே போய் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான். கடன் தீர்ந்த பிறகும் இருப்பார்களா என்பது ஒவ்வொரு நகராட்சியின் கவலை.

பெர்லெவோக் பாடகர்கள்

வார்டோவிலிருந்து மேற்கே போனால் பெர்லெவோக். இயற்கையான ஒதுக்கிடம் இல்லாத திறந்த கரை. அலைதடுப்புச் சுவர் கட்டக் கட்டப் புயல் உடைத்துப்போட்டது. கடைசியில் நான்கு கால் கொண்ட கான்கிரீட் டெட்ராபாட்களை ஒன்றோடொன்று பின்னிப் போட்டுத்தான் 1970-களில் கடலை அடக்கினார்கள். அதுவரை பெரிய கப்பல் வெளியே நிற்கும். பயணியும் மூட்டையும் சிறு படகில் ஆடி ஆடி இறங்க வேண்டும்.

இந்த ஊரின் ஆண்கள் பாடல்குழுவைப் பற்றி, ஹொன்னிங்ஸ்வோக்கில் பிறந்த இயக்குநர் க்னூட் எரிக் யென்சன் 2001-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்: ‘ஹெஃப்டிக் ஓ பெகைஸ்ட்ரெட்’. பனிப்புயலில், புருவத்தில் ஐஸ் படிய, கடலைப் பார்த்து வரிசையாக நின்று கிழவர்கள் பாடுகிறார்கள். நார்வேத் திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. படம் போதை, அரசியல், இழந்த காதல் எல்லாவற்றையும் பேசியது. பெர்லெவோக்கில் இறங்கினால் குழு பாடுமா என்று தேடிப் போகாதீர்கள். அவர்கள் கூடிப் பாடுவது தங்களுக்காகத்தான்.

ஹொன்னிங்ஸ்வோக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடமுனை எனப்படும் 307 மீட்டர் செங்குத்துப் பாறைக்கான வாசல் அது. கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். ஊரைவிட அதிகமான ஜனம் இறங்கிப் பேருந்தில் ஏறிப் பாறைக்குப் போய்த் திரும்பும். சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1907-இல் வந்து பாறையில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போன காலத்திலிருந்து இது இப்படித்தான். உண்மையில் அந்தப் பாறையைவிட இன்னும் வடக்கே நீள்வது பக்கத்து முனையான க்னிவ்ஷெல்லோடன்; ஆனால் அதற்குச் சாலை இல்லை, நடக்க வேண்டும். எனவே கூட்டமும் இல்லை. நடக்கத் தெம்பு இருந்தால் அங்கே போங்கள்.

போக நினைப்பவர்களுக்கு

ஓஸ்லோவிலிருந்து கிர்கெனெஸுக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து காரில் வார்டோ சுமார் 250 கிலோமீட்டர். வழியில் விலகினால் புகோய்னெஸ், பிறகு வாட்சோ. பேருந்தும் உண்டு, ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டை நம்பி ஊர் சுற்ற முடியாது. விடரோ நிறுவனத்தின் சிறு விமானங்கள் ஊர் ஊராகத் தாவும். ஓடுபாதை குட்டையானது, பக்கக் காற்று கூடினால் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

தங்குமிடம் குறைவு. ஊருக்கு ஒரு விடுதி, சில வாடகை வீடுகள், சில பழைய மீன் கிடங்கு அறைகள். காம்விக் அருகே ஸ்லெட்னெஸ் கலங்கரை விளக்கத்தில் கோடையில் தங்கலாம். ஐரோப்பிய நிலப்பரப்பில் அதைவிட வடக்கே வேறு கலங்கரை விளக்கம் இல்லை. உணவகச் செலவு நம் பணத்தில் கண்ணைக் கட்டும் என்பதால் சமையலறையுள்ள இடமாகப் பாருங்கள். காலையில் துறைமுகப் பக்கம் போனால் காட் மீன் கிடைக்கலாம்; மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் பையில் இருந்தால் மீதி உங்கள் கையில். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைப்பு. கூடாரம் போடுவோருக்கு நார்வே சட்டம் தாராளம்: வேலியிடாத நிலத்தில், வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவுவரை யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் வார்டோவின் காற்றில் கூடாரம் என்பது சாகசம்.

மரப் பரண்களில் தலை வெட்டிய காட் மீன் வால்கட்டித் தொங்குவதைப் பார்ப்பீர்கள். உப்பே போடாத கருவாடு. குளிர்ந்த காற்றே பதப்படுத்திவிடும். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகும் சரக்கு அது. தொட்டுப் பார்க்காதீர்கள், ஒருவரின் வருடச் சம்பாத்தியம். காயும் தலைகளைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் கார் ஓட்டுவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டு நிலச் சாலையில் புயல் வந்தால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். பனி வாரும் வண்டி முன்னே போக, பின்னால் வரிசையாகக் கார்களை அழைத்துப் போவது ‘கொலோன’. புயல் கடுமையானால் அதுவும் இல்லை, சாலை மூடல்தான். 175 என்ற எண்ணில் சாலை நிலவரம் கேட்கலாம். மூடியிருக்கிறது என்று சொன்னால் வாதாட இடமில்லை. உள்ளூர்க்காரர்கள் அன்று திரும்பிப் போய்க் காப்பி போடுவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மட்டும் வார்டோவில் வைத்துக்கொள்ளாதீர்கள், கிர்கெனெஸில் வைத்துக்கொள்ளுங்கள்.